ஒரு கூட்டம் ஆளை எப்படி இழுக்கிறது, வீட்டுக்காரர் எங்கே பிழை விடுகிறார்கள்

கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். மருமகனுக்கு 19 வயது. ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கூட்டத்தோடு பழக்கமானான். ஆறு மாதத்துக்குள் பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டான். கிழமையில் நாலு இரவு அங்கேதான். தாயின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. ஏசிப் பார்த்தார்கள், போனைப் பறித்துப் பார்த்தார்கள், தங்கள் சமயத்துப் பெரியவர் ஒருவரைக் கொண்டு விளங்கப்படுத்தியும் பார்த்தார்கள். இன்னும் இறுகிவிட்டான். இவ்வளவு கெட்டிக்காரப் பெடியனை எப்படி இழுத்தார்கள், இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

எந்தச் சமயத்துக் கூட்டம் என்று அவர் எழுதவில்லை. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பதில் அதனால் மாறப் போவதில்லை. ஜெபக் கூட்டமோ, பயான் வட்டமோ, ஒரு சுவாமியின் தியானக் குழுவோ, கடவுள் பேரே எடுக்காத ‘ஆறு மாதத்தில் கார்’ வியாபார வட்டமோ, ஆளை இழுக்கும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். கொள்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஒழுங்கு கண்ணில் படாது. நேரம், உறக்கம், காசு, ஆட்கள் ஆகிய நாலும் எங்கே போகின்றன என்று பார்த்தால் உடனே தெரியும்.

படிப்பில்லாதவன், வறியவன்தான் மாட்டுவான் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கங்களிலும் குண்டோடு போனவர்களில் கொழும்பின் பெரிய வாசனைச் சரக்கு வியாபாரி ஒருவரின் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவரும் இருந்தார். அது இந்த விசயத்தின் கடைசிக் கோடி. எல்லாக் கூட்டமும் அங்கே போய் முடிவதில்லை, பெரும்பாலானவை காசிலும் குடும்பப் பிரிவிலும் முடிகின்றன. ஆனால் படிப்பும் பணமும் ஆளைக் காப்பாற்றுவதில்லை என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

ஆளைத் தீர்மானிப்பது அவன் நிற்கிற கட்டம். பழைய இடம் முடிந்து புதிய இடம் தொடங்காத இடைவெளியில் எவனும் இளகி நிற்பான். ஓ.எல்., ஏ.எல். றிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மாதங்கள், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கம்பஸ் ஹொஸ்டலில் முதல் வருடம், கட்டாரிலிருந்து கொந்தராத்து முடிந்து வந்து வேலையில்லாமல் இருக்கும் காலம், சாவு விழுந்த வீடு, மைக்ரோ கடன்காரன் வாசலுக்கு வரும் வீடு. கிழக்குக்கே உரிய இன்னொன்றும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பக்கம் சீதன வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் தன் ஊரை விட்டுப் பெண் வீட்டுக்குப் போகிறார். முதல் ஒரு வருடம் அந்த ஊர்ச் சந்தியில் நின்று கதைக்க அவருக்கு ஆளில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு ‘வாங்க மச்சான், பின்னேரம் வொலிபோல் அடிப்பம்’ என்கிற முதல் ஆள் எந்தக் கூட்டத்துக்காரனோ, மாப்பிள்ளை அந்தக் கூட்டத்துக்குப் போய்விடுவார்.

அந்த முதல் அழைப்பில் சமயம் இருக்காது. இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ், கீபோர்ட் பழக்கம், இரத்ததானம், தலைமைத்துவக் கருத்தரங்கு, யோகா என்று ஏதாவது ஒன்று. வொலிபோலையே எடுங்கள். விளையாட்டு முடியும், வலையைக் கழற்றுவார்கள், பிளேன்ரீ வரும். எல்லோரும் வட்டமாகக் குந்தியிருக்கும்போது ஒருவர் ‘அஞ்சு நிமிசம் ஒரு சின்னக் கதை’ என்பார். ரீயைக் குடித்துவிட்டு அந்த ஐந்து நிமிசத்தில் எழும்பிப் போக நம்மவர் யாருக்கும் முகம் இடம் கொடுக்காது. அடுத்த கிழமை அது பதினைந்து நிமிசம். நடத்துவது யார், என்ன பெயரில் என்று கேட்டால் ‘அப்படி ஒண்டுமில்லை, நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து’ என்று நழுவுவார்கள். பெயரை மறைப்பதுதான் முதல் அடையாளம். நேர்மையான கோயிலும் பள்ளியும் சபையும் வாசலிலேயே பெயர்ப் பலகை வைத்திருக்கும்.

அடுத்த இரண்டு மூன்று கிழமை அன்பால் நனைப்பார்கள். காய்ச்சல் என்றால் இருவர் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அம்மாவின் பிரஷர் என்ன என்று கேட்பார்கள். வீட்டில் யாரும் கேட்காத கேள்விகள் அவை. புதியவனுக்கென்று ஓர் ஆளை ஒதுக்கி விடுவார்கள். காலையில் மெசேஜ், இரவில் கோல். இதைப் பொய் அன்பு என்று அவனிடம் சொல்லாதீர்கள். அதைச் செய்கிற பெடியனுக்கே அது உண்மை. அவனும் அப்படி நனைக்கப்பட்டு வந்தவன்தான்.

பிறகு ஏழெட்டுப் பேர் கொண்ட சின்ன வட்டம். அங்கே ‘மனம் திறந்து’ கதைப்பது. மூத்தவர் முதலில் தன்னுடைய பழைய குடியையோ திருட்டையோ சொல்லிக் கண் கலங்குவார். அதற்குப் பிறகு புதியவன் சொல்லாமல் இருக்க ஏலாது. காதல், வீட்டுச் சண்டை, போனில் பார்த்தது எல்லாம் வெளியே வரும். அன்றிரவு நெஞ்சு இலேசாக இருக்கும், அது உண்மை. ஆனால் அந்த இரகசியம் திரும்பி வராது. நாளைக்கு விலக நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது அதுதான். யாரும் மிரட்டத் தேவையில்லை.

சின்னச் சின்ன ‘ஓம்’கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு 1966இல் ஃபிரீட்மன், ஃபிரேசர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு நல்ல சாட்சி. கலிஃபோர்னியாவில் வீட்டு முற்றத்தில் ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அவலட்சணமான பலகையை நட விடுவீர்களா என்று நேரே கேட்டபோது 100க்கு 17 பேரளவில்தான் சம்மதித்தார்கள். அதே விசயத்தில் ஒரு சின்ன அட்டையை ஜன்னலில் வைக்க முன்பே சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 பேர். கூட்டத்தில் அந்தச் சின்ன அட்டை கதிரை அடுக்குவது. பிறகு மண்டபச் சாவி கையில். பிறகு பாட்டைத் தொடங்கி வைப்பது, சாட்சி சொல்வது. கடைசியில் ‘நீயும் ஒருவரைக் கூட்டி வா’. இந்தக் கடைசிப் படி மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது. அடுத்தவனுக்கு விளங்கப்படுத்தப் போகிறவன் தன் சந்தேகத்தைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் கூட்டி வருவது யாரை? தம்பியை, மச்சானை, வகுப்புத் தோழனை. இழுவை பெரும்பாலும் இரத்த உறவிலும் சிநேகத்திலும் ஓடும். தெருவில் நிற்கும் அந்நியனால் அல்ல. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் 15 பேர் இறந்தார்கள், 6 பேர் சிறுவர்கள். ஏப்ரல் 21 குண்டுகளின் தலைவன் சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் அதில் இருந்தார்கள்.

உறக்கத்தை இதற்குள் கூட்டம் எடுத்திருக்கும். இரவு 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடித்து, விடிய 5 மணிக்குத் திரும்ப வரச் சொன்னால் படுக்க மூன்று மணித்தியாலம்தான். இப்படி ஒரு கிழமை போனால் எவருக்கும் கேள்வி கேட்கும் புத்தி மழுங்கும், அழுகையும் நடுக்கமும் இலேசில் வரும். அந்த அழுகையைத்தான் அருள் என்றும் விடுதலை என்றும் பெயர் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கடும் விரதமும் நித்திரை முழிப்பும் ஆபத்தின் அடையாளம் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆபத்தில்தான் இருக்க வேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு நடந்து தீமிதிப்போடு முடிகிறது. உகந்தையிலிருந்து குமண, யாலக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் காட்டில் படுத்து, கிடைத்ததைத் தின்று நடக்கிறார்கள். முஸ்லிம்களில் தப்லீக் என்ற மார்க்கப் பயணத்தில் 40 நாள் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் தபசு காலத்தில் 40 நாள் இறைச்சியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முடிவு நாள் உண்டு. முடிந்ததும் ஆள் வீட்டுக்கு வந்து குளித்து, சோறு தின்று, பழைய கூட்டாளியோடு பகிடி விடுவான். கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு கடுமை என்பதல்ல. முடிகிறதா, முடிந்ததும் திரும்பி வர விடுகிறார்களா என்பதே.

இப்போது வீட்டுக்காரரின் பக்கம். கூட்டம் ‘தாயை விடு’ என்று ஒருநாளும் சொல்லாது. ‘அம்மாவுக்கு இப்ப விளங்காது, சொல்லிக் குழப்பாதே, அவவுக்காக வேண்டிக்கொள்’ என்றுதான் சொல்லும். அதோடு ஒரு முன்னறிவிப்பும் கொடுக்கும்: ‘உண்மைக்கு வந்தால் வீட்டில் எதிர்ப்பு வரும், ஏசுவார்கள், போனைப் பறிப்பார்கள், வேறு ஆளைக் கொண்டு வந்து குழப்பப் பார்ப்பார்கள்.’ அந்த மாமன் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஏசினார்கள், பறித்தார்கள், ஆளைக் கொண்டுவந்தார்கள். தலைவர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. வீட்டார் தங்களை அறியாமலே கூட்டத்துக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறார்கள். சமயப் பெரியவரைக் கொண்டுவந்தது மூன்றிலும் மோசம், ஏனென்றால் பிரச்சினை அங்கே சங்கிலியிலிருந்தும் நித்திரையிலிருந்தும் விலகி, எந்த வேதம் சரி என்ற வாதமாகிவிடுகிறது. அந்த வாதத்துக்குத்தான் அவனை ஆறு மாதமாகப் பழக்கியிருக்கிறார்கள். பெரியவர் தோற்பார், அல்லது பெடியன் தோற்று வெட்கத்தில் இன்னும் ஒட்டிக்கொள்வான்.

வாதத்தால் ஆள் திரும்பாதென்றால் எதனால் திரும்புகிறான்? 1950களில் சொலமன் ஆஷ் செய்த சோதனைகள் இதற்கு உதவும். கோட்டின் நீளத்தைச் சொல்ல வேண்டும். அறையிலுள்ள மற்றவர்கள் எல்லாம் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிந்த பிழையென்றாலும் மூன்றில் ஒரு பங்குத் தடவைக்கு மேல் சோதிக்கப்பட்டவர் கூட்டத்தோடு சேர்ந்து பிழையாகச் சொன்னார். ஒரேயொரு ஆள் சரியாகச் சொல்ல இருந்தபோது அந்தப் பணிவு நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. எதிர்த்து வாதாட ஆள் தேவைப்படவில்லை, பக்கத்தில் வேறு விதமாகச் சொல்கிற ஒருவர் போதும். 1954இல் சிக்காகோவில் டிசம்பர் 21 அன்று உலகம் வெள்ளத்தில் அழியும் என்று காத்திருந்த குழுவையும் ஆய்வாளர்கள் உள்ளே போய்க் கவனித்தார்கள். வெள்ளம் வராதபோது ஒன்றாகக் கூடியிருந்தவர்கள் முன்னைவிடத் தீவிரமானார்கள். தனித்தனியாகத் தங்கள் வீடுகளில் காத்திருந்தவர்களின் நம்பிக்கைதான் கலைந்தது. தலைவர் சொன்னது பொய்க்கும் நாள் ஒன்று வரும். அன்று உங்கள் பெடியன் யாரோடு இருக்கிறான் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. வீட்டில் ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள், அனேகமாகத் தாயல்ல, தகப்பனல்ல. மாமனோ, மூத்த மச்சானோ, அக்காவோ. அவர் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் எதிராகச் சொல்லக்கூடாது. கிழமைக்கு இரண்டு தடவையாவது சமயத்துக்குச் சம்பந்தமில்லாத விசயத்தில் அவனோடு இருக்க வேண்டும்: வயலுக்கு மருந்தடிக்கப் போக, சைக்கிள் திருத்த, வாவியில் வலை வீச, ஆசுபத்திரிக்கு அம்மம்மாவைக் கூட்டிப்போக. ‘உன்னால ஒரு உதவி வேணும்’ என்று கேளுங்கள், ‘உன்னோட கதைக்க வேணும்’ என்று கேட்காதீர்கள். போனைத் திருப்பிக் கொடுங்கள். பறித்த போனுக்குப் பதில் கூட்டத்தார் புதிதொன்று வாங்கிக் கொடுப்பார்கள், அது உங்களுக்குத் தெரியாத நம்பராக இருக்கும்.

அவன் கூப்பிட்டால் அவர் ஒரு தடவை கூட்டத்துக்குப் போய்வரலாம், இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அங்கே வாதாடப் போவதில்லை. கணக்கை யாருக்குக் காட்டுகிறார்கள், தலைவரை யாராவது கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது, விலகிப் போனவர்களைப் பற்றி எப்படிக் கதைக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவதுதான் சரியான உரைகல். விலகினவன் எல்லோரும் கெட்டவன், நோயாளி, துரோகி என்றால் உள்ளே இருப்பவன் வெளியேற வழி அடைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்விகள் நேரத்தையும் காரியத்தையும் பற்றி இருக்கட்டும். ‘அவர்கள் உன்னை ஏமாற்றுகிறார்கள்’ என்றால் கதவு மூடும். ‘சித்திரைக்குள்ள வேலை வரும் எண்டு உங்கட கூட்டத்து அண்ணன் சொன்னாரே, என்ன மாதிரி?’ என்று சாதாரணமாகக் கேட்டால் அவன் பதில் சொல்லாவிட்டாலும் இரவில் யோசிப்பான். பதிலை வற்புறுத்தாதீர்கள். ஒரு கொப்பியில் திகதி, போன நேரம், வந்த நேரம், போன காசு மட்டும் எழுதி வையுங்கள். பிறகு பொலிஸுக்கோ வைத்தியருக்கோ போக நேர்ந்தால் ‘எப்பவும் அங்கதான் கிடக்கிறான்’ என்பதை விட அந்தக் கொப்பி பேசும்.

காசு விசயத்தில் மட்டும் மென்மை வேண்டாம். நகை வங்கி லொக்கருக்குப் போகட்டும். அடகுச் சிட்டை யார் பேரில் என்று பார்த்து, தவணைக்கு முன் மீட்டுவிடுங்கள். காணி உறுதிதான் பெரிய விசயம், கிழக்கில் அது பெண்கள் பேரில் இருப்பதால் தாயையும் சகோதரியையும் தனியாக எச்சரித்து வையுங்கள். இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். வாயால் கொடுத்த வாக்கு உறுதியாகாது. ஆனால் நன்கொடை உறுதி ஒருதடவை எழுதி ஏற்கப்பட்டால் திருப்புவது மிகக் கடினம். நன்றி மறந்த நடத்தையைக் காட்டி நீதிமன்றத்தில் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி விடுகிறது, அது வழக்கு, வருடக்கணக்கு. எழுதிவிட்டார்களோ என்ற சந்தேகம் இருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பார்க்கலாம். வியாபார வட்டமாக இருந்து, ஆள் சேர்த்தால் காசு என்ற கணக்கில் ஓடினால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவில் குற்றம். தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது.

18 வயது தாண்டியவனை அறையில் பூட்டி வைக்கவோ நாலு பேர் சேர்ந்து தூக்கி வரவோ உங்களுக்கு உரிமையில்லை. அது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தை அவனுக்கும் கொடுக்கிறது. அவன் உங்கள் சமயத்தை விட்டதை எவரிடமும் முறைப்பாடு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பிள்ளை 18க்குக் குறைவென்றால் கதை வேறு. 1929க்கு அழையுங்கள், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

சில விசயங்களுக்குப் பொறுமை கூடாது, அன்றைக்கே அசைய வேண்டும். சாவைப் பற்றி இனிமையாகக் கதைப்பது, சாமான்களைப் பங்கிட்டுக் கொடுப்பது, வேறு ஊர், வேறு சமய ஆட்கள் வாழத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்வது, தலைவர் பெண்பிள்ளைகளைத் தனியே கூப்பிடுவது, இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ ‘விசுவாசத்தால்’ நிறுத்துவது. 2023 டிசம்பர் கடைசியில் கொழும்புப் பக்கம் தற்கொலையை மறுபிறப்புக்குக் குறுக்கு வழியாகப் போதித்த ஒருவர் நஞ்சருந்தி இறந்தார். அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் பின்னால் போனார்கள், கேட்டவர்களில் சிலரும் போனார்கள். உயிராபத்தென்றால் 119, மனநல ஆலோசனைக்கு 24 மணித்தியாலமும் 1926. பெண்களுக்கு 1938.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். 16 முதல் 25 வயதுக்குள் முதல் தடவை வரும் மனநோய் பக்தி வேடத்தில் வருவது உண்டு. கிழமைக்கணக்கில் நித்திரையில்லை, தனக்கு மட்டும் குரல் கேட்கிறது, டிவிக்குள்ளிருந்து தனக்குச் செய்தி வருகிறது என்றால், கூட்டத்துக்காரரே ‘இவனுக்கு என்னவோ’ என்று ஒதுங்குவார்கள். வித்தியாசம் அதுதான்: கூட்டத்தால் மாறினவன் கூட்டத்துக்குப் பொருந்துவான், நோயால் மாறினவன் அங்கேயும் பொருந்த மாட்டான். அவனைக் குறி பார்க்கிறவரிடமும் பேய் ஓட்டுகிறவரிடமும் கொண்டுபோய் மாதங்களை விடாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் நன்றாகத் தெளிகிறவர்கள் அதிகம்.

ஒருநாள் அவன் போவதை நிறுத்துவான், அனேகமாகச் சத்தமில்லாமல். அப்போது காரணம் கேட்காதீர்கள், ‘நாங்க அப்பவே சொன்னம்’ என்பதை வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. ஆறு மாதத்துச் சிநேகம் அத்தனையும் ஒரே நாளில் போயிருக்கிறது, சொன்ன இரகசியம் அங்கே கிடக்கிறது, விட்டால் கெட்டது நடக்கும் என்ற பயமும் உள்ளே கிடக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டால், அந்த நேரம் வந்தால் திரும்ப ஓடத் தோன்றும். அது சில மாதங்களுக்கு வந்து வந்து போகும். அந்த மாதங்களில் கூட்டத்தார் பிறந்தநாளுக்கும் றிசல்ட் நாளுக்கும் கட்டாயம் கோல் எடுப்பார்கள். அந்த நாட்களை முன்பே குறித்து வைத்துக்கொண்டு ஆளைத் தனியே விடாதீர்கள். வட்ஸ்அப் குழுக்களிலிருந்து அவனே விலகட்டும், நீங்கள் அழிக்க வேண்டாம். நன்றிக்கடனென்று உங்கள் கோயிலுக்கோ பள்ளிக்கோ சபைக்கோ உடனே இழுத்துப் போகவும் வேண்டாம். ஒரு மாதம் நன்றாக நித்திரை கொள்ளட்டும், பழைய கழகத்தில் ஒரு பந்து போடட்டும், சின்னதாக ஒரு சம்பளம் கையில் வரட்டும். சங்கிலிக் கடனை அதிலிருந்து மாதம் கொஞ்சமாகத் தாயிடம் அவனே கட்டட்டும். மன்னித்துவிட்டோம் என்று முழுவதையும் தள்ளிவிட்டால் அவனுக்கு நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் போகும்.